வாட்கின்ஸ் கிளென் 2012: யாரும் முழுதாகப் பார்க்காத கடைசிச் சுற்று

வெள்ளைக் கொடி அசைகிறது. இன்னும் ஒரே ஒரு சுற்று. முன்னால் 18ஆம் எண் கார், கைல் புஷ். பின்னால் 2ஆம் எண், பிராட் கெஸலௌஸ்கி. அதற்கும் பின்னால் 9, மார்கோஸ் ஆம்ப்ரோஸ். மூன்றும் முதல் திருப்பத்தில் வலப்பக்கம் ஒடித்து, மேட்டில் ஏறி, கண்ணிலிருந்து மறைகின்றன. நேர்பாதையின் ஓரம் உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த ஒரு நிமிடம் சத்தம் மட்டும்தான். அப்புறம் எதிர்முனையில், கடைசித் திருப்பத்திலிருந்து ஒரு கார் எட்டிப் பார்க்கிறது. அது 9. போகும்போது முதலில் போனவர் ஒருவர், வரும்போது முதலில் வந்தவர் வேறொருவர்.

2012 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தடம். சாலைக் கார்போலத் தோற்றமளிக்கும் ‘ஸ்டாக் கார்’களுக்குப் பந்தயம் நடத்தும் அமைப்பு நாஸ்கார், அதன் முதல்நிலைத் தொடர் கப். அந்தக் கப் தொடரின் ‘ஃபிங்கர் லேக்ஸ் 355’ பந்தயம், 90 சுற்று. ஸ்டாக் கார் பந்தயங்களின் மிகச் சிறந்த முடிவுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தச் சுற்றை விட்டுவிட்டுப் போடுவது கஷ்டம். ஆனால் அதை நினைவுகூரும் பத்துப் பேரைப் பிடித்துக் கேட்டால் பத்துக் கதை வரும். புஷ்ஷை இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்பது ஒன்று. அவரே வழுக்கிக்கொண்டு போனார் என்பது இன்னொன்று. நாஸ்கார்தான் கெடுத்தது என்பார் ஒருவர், நாஸ்கார் தலையிடாததால்தான் இப்படியொரு விருந்து கிடைத்தது என்பார் அடுத்தவர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. ரோடு கோர்ஸ் (சாலைபோல வலமும் இடமும் வளையும் தடம்) பந்தயத்தில் ரசிகனின் நினைவைத் தீர்மானிப்பது அவன் டிக்கெட்டில் இருக்கும் இருக்கைதான் என்பது என் கட்சி. அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இடமும் இருக்கையும்

நாஸ்கார் என்றால் ஓவல்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். முட்டை வடிவத் தடம், இடப்பக்கம் மட்டுமே திருப்பம். பிரிஸ்டல் போன்ற சின்ன ஓவலில் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராது. கிண்ணத்துக்குள் பார்ப்பதுபோல, எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் முழுப் பந்தயமும் கண்முன்னே நடக்கும். அங்கே ஒரு லட்சம் பேர் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்குள் சண்டை வந்தால் அது தீர்ப்பைப் பற்றியதாக இருக்கும். என்ன நடந்தது என்பதில் சந்தேகம் வராது.

வாட்கின்ஸ் கிளென் அப்படியில்லை. செனிகா ஏரியின் தென்முனையில் இருக்கும் சின்ன ஊர் அது. 1948இல் முதல் பந்தயம் ஊரின் தெருக்களிலேயே நடந்தது. கார்கள் கடைவீதி வழியாகச் சீறிப்போக, சனம் ஓரத்தில் நின்று பார்த்தது. 1952இல் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தபின் பந்தயம் ஊருக்கு வெளியே நகர்ந்தது. 1956இல் நிரந்தரத் தடம் வந்தது. 1961 முதல் 1980 வரை ஃபார்முலா ஒன் அமெரிக்கப் போட்டி இங்கேதான். அந்தக் காலத்து ரசிகர்களின் அட்டகாசம் தனி அத்தியாயம். 1974இல் ஒரு பேருந்தையே கொளுத்தியிருக்கிறார்கள். எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை திசைமாறிவிடும், விடுங்கள். நாஸ்கார் 1957இலும் 60களிலும் தலைகாட்டிவிட்டு, 1986 முதல் ஆண்டுதோறும் வரத் தொடங்கியது.

நாஸ்கார் ஓட்டும் குறுந்தடம் 2.45 மைல், அதாவது நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் திருப்பத்துக்குப் பிறகு மேடேறும் வளைவுகள். இங்கிலீஷ் ‘எஸ்’ எழுத்துப்போல நெளிவதால் எஸ்ஸஸ் என்று பெயர். இருபுறமும் வெளிர்நீலத் தகடுகள் ஒட்டி நிற்கும், தப்பு செய்தால் ஒதுங்க இடமே இல்லை. அது முடிந்தால் நீண்ட நேர்பாதை. அதன் கடைசியில், வேகத்தைக் குறைப்பதற்கென்றே 1992இல் செருகிய இன்னர் லூப். பேருந்து நிறுத்தத்தில் பஸ் ஒதுங்கி நின்று கிளம்புவதைப்போல கார் ஒடித்து வெளியேறுவதால் எல்லாரும் ‘பஸ் ஸ்டாப்’ என்றே சொல்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பந்தயத்தில் ஜே. டி. மெக்டஃபி என்ற பழைய ஓட்டுநர் அந்த நேர்பாதையின் முடிவில் இறந்ததுதான் அதைச் செருகக் காரணம். பிறகு நீண்ட வலது வளைவு, இறக்கம், ஓர் இடது, ஒரு வலது, கடைசியில் மறுபடி முடிவுக்கோடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்று சுமார் 75 விநாடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இருக்கையிலிருந்து 400 மீட்டர் சாலை தெரிகிறது என்றால் நல்ல இருக்கைதான். அப்படியும் உங்களுக்குப் பிடித்த காரைச் சுற்றுக்கு எட்டு விநாடிதான் பார்ப்பீர்கள். 90 சுற்றுக்குப் பெருக்கினால் பன்னிரண்டு நிமிடம். பந்தயம் நடப்பதோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல். மிச்சத்தை ஒலிபெருக்கியும் பக்கத்து இருக்கைக்காரரும் காதில் மாட்டியிருக்கும் ஸ்கேனரும்தான் நிரப்பவேண்டும். ஸ்கேனர் தெரியாதவர்களுக்கு: நாஸ்காரில் ஓட்டுநரும் குழுவும் பேசிக்கொள்ளும் ரேடியோவை ரசிகர்களே கேட்கலாம். சிலருடைய நினைவில் இந்தப் பந்தயம் காட்சியாக இல்லாமல், குரலாகத்தான் இருக்கும்.

மூவரும் ஒரு பழைய கணக்கும்

மார்கோஸ் ஆம்ப்ரோஸ் தாஸ்மேனியாவின் லான்செஸ்டன்காரர். ஆஸ்திரேலியாவின் வி8 சூப்பர்கார்ஸ் தொடரில் 2003, 2004 என்று இரண்டு முறை சாம்பியன். அதற்கப்புறம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு அமெரிக்கா வந்தவர். வலமும் இடமும் வளையும் தடம் என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாட்கின்ஸ் கிளெனில் இரண்டாம் நிலைத் தொடரான நேஷன்வைடில் 2008, 2009, 2010 மூன்றாண்டும் அவரே வென்றார். ஆனால் கப் தொடரில் வெற்றி மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. 2010இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முன்னணியில் இருக்கிறார், மஞ்சள் கொடி, எல்லாரும் மெதுவாகப் போகிறார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்தார். மேட்டில் வண்டி நின்றே போனது, திரும்ப ஸ்டார்ட் ஆக நேரமாயிற்று. இடம் போச்சு, ஆறாவதாக வந்தார். அன்றைக்கு வென்றவர் ஜிம்மி ஜான்சன். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை.

2011 ஆகஸ்டில் அந்தக் கணக்கு தீர்ந்தது. அதே வாட்கின்ஸ் கிளென், மழையால் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போன பந்தயம். மஞ்சள் கொடிக்குப் பிறகான கடைசி மறுதொடக்கத்தில் முன்னால் நின்ற கைல் புஷ் முதல் திருப்பத்தில் வளைவின் வெளிப்பக்கம் அகலப் போனார். ஆம்ப்ரோஸும் கெஸலௌஸ்கியும் உள்ளே புகுந்தார்கள். ஆம்ப்ரோஸ் முதல், கெஸலௌஸ்கி இரண்டு, புஷ் மூன்று. கப் பந்தயம் வென்ற முதல் ஆஸ்திரேலியர் என்ற பெயரும் ஆம்ப்ரோஸுக்குக் கிடைத்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், 2012 முடிவின் நினைவுக்குள் 2011 கலந்துவிடுகிறது. இடம் ஒன்று, மாதம் ஒன்று, அதே மூவர், அதே முதல் திருப்பம். வென்றவரும் அவரே, இரண்டாமவரும் அவரே. புஷ் அகலப் போனது எந்த ஆண்டு என்று கேட்டால் நானே ஒரு நொடி யோசிப்பேன். உண்மையில் இரண்டு ஆண்டும் போனார். முதல் தடவை மறுதொடக்க நெரிசல், இரண்டாம் தடவை எண்ணெய்.

எண்ணெய்

2012 பந்தயத்தின் கடைசிச் சில சுற்றுகளுக்கு வருவோம். கைல் புஷ் வசதியான முன்னிலையில் இருந்தார். அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டவேண்டியதுதான். அந்த நேரத்தில் 47ஆம் எண் காரிலிருந்து எண்ணெய் கொட்டத் தொடங்கியது. ஓட்டியவர் பாபி லபான்டி, 2000ஆம் ஆண்டின் சாம்பியன். வெற்றிக்கும் அவருக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர் கார் போன வழியெல்லாம் ஒரு மெல்லிய படலம் தங்கிவிட்டது.

இந்தக் கார்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் எண்ணெயின் கொடுமை புரியும். எடை சுமார் ஒன்றரை டன். முன்னால் வி8 இன்ஜின், பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை, அப்போது நான்கு கியர். கார்புரேட்டரை விட்டுவிட்டு எரிபொருள் ஊசிமுறைக்கு மாறியதே அந்த ஆண்டில்தான். சறுக்கலைத் தடுக்கும் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, பூட்டிக்கொள்ளாத பிரேக் கிடையாது. முகப்பு விளக்குகூட ஸ்டிக்கர்தான். கதவும் திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழையவேண்டும். டயரில் ஒரு கோடுகூட இருக்காது, மொழுமொழுவென்று இருக்கும். காய்ந்த தாரில் பசைபோல ஒட்டும் அந்த ரப்பர், எண்ணெய் பட்ட இடத்தில் சோப்பு.

இதில் பாவப்பட்ட ஆள் முன்னால் போகிறவர். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி அவர் கார்தான். அவர் வழுக்குவதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் அரை அடி தள்ளிப் பிடிப்பார், ஒரு நொடி முன்னதாக பிரேக் போடுவார். புஷ்ஷின் முன்னிலை கரைந்ததற்கு அவர் பதறியதோ மற்ற இருவரும் திடீரென்று வேகமானதோ காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு எச்சரிக்கை சொல்ல முன்னால் ஆளில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் ஓவலில் என்றால் கூரைமேல் நிற்கும் ஸ்பாட்டர் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கே எந்தக் கூரையிலிருந்தும் முழுத்தடமும் தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஆள் நிறுத்தவேண்டும். ரசிகனுக்கு இருக்கும் அதே குறை குழுவுக்கும் உண்டு.

கடைசிச் சுற்று, இடம் இடமாக

முதல் திருப்பம். புஷ்ஷின் கார் எண்ணெயில் வழுக்கி வெளிப்பக்கம் அகலப் போகிறது. கெஸலௌஸ்கி இடைவெளியை மூடிவிட்டார். எஸ்ஸஸ் மேட்டின் தொடக்கத்தில் 2ஆம் எண் காரின் மூக்கு 18இன் பின்பக்கத்தைத் தொடுகிறது. 18 சுழல்கிறது. இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவரின் பந்தயம் இங்கேயே முடிந்துவிட்டது. அவருடைய நினைவில் இது ஒரு வெற்றியின் கதையே இல்லை, விபத்தின் கதை. இடித்தாரா, பட்டுவிட்டதா என்பதை அவர் ஆயுள் முழுக்க வாதாடலாம். என்னைக் கேட்டால், இருவருமே பிடிமானம் இல்லாத சாலையில் இருந்தார்கள். வழுக்கி வேகம் இழந்த காரின் பின்னால் அதே வேகத்தில் வந்த கார் படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். புஷ் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சரி, அது அவர்கள் உரிமை.

நேர்பாதை, பஸ் ஸ்டாப், நீண்ட வலது வளைவு. இந்தப் பகுதிதான் இன்றும் திரும்பத் திரும்ப ஓடும் காட்சி. இப்போது இரண்டே கார். முன்னால் கெஸலௌஸ்கி, முதுகில் ஆம்ப்ரோஸ். எண்ணெயில் இரண்டுமே தார்ச்சாலையை விட்டு ஓரத்துக்குப் போகின்றன, தூசி கிளப்பிக்கொண்டு திரும்பி வருகின்றன. உரசல். முன்னிலை கைமாறுகிறது, உடனே பறிபோகிறது. இதை நேரில் பார்த்தவர் ரொம்பக் கொஞ்சம் பேர். ஆனால் நான் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் நிறைய. தொலைக்காட்சிக் கேமரா ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தொடர்ந்து காட்டியதால், வீட்டில் சோபாவில் இருந்தவர் தடத்தில் இருந்தவரைவிட அதிகம் பார்த்தார். வருஷம் போகப்போக, அரங்கில் இருந்தவரும் தொலைக்காட்சிப் பதிவைப் பலமுறை பார்த்து, தன் கண்ணால் கண்டது எது, திரையில் கண்டது எது என்ற எல்லைக்கோட்டையே இழந்திருப்பார்.

அப்புறம் இறக்கம், கடைசி இரண்டு திருப்பங்கள். அங்கேதான் ஆம்ப்ரோஸ் உள்ளே புகுந்து மேலே வந்தார். கோட்டைத் தாண்டும்போது இடைவெளி ஒரு விநாடிக்கும் குறைவு. ஜான்சன் மூன்றாவது, கிளின்ட் போயர் நான்காவது. சுழன்று நின்ற புஷ் மறுபடி கிளம்பி ஏழாவதாக வந்து சேர்ந்தார். அதே சுற்றில் ஜெஃப் கார்டனும் சுழன்று 21ஆவது இடத்துக்குச் சரிந்தார். கார்டன் சுழன்றது யாருக்கு நினைவிருக்கிறது? நான்கு முறை சாம்பியன், ரோடு கோர்ஸில் நாஸ்காரிலேயே அதிக வெற்றி பெற்றவர். அவருடைய விபத்தையே இந்தச் சுற்று விழுங்கிவிட்டது.

வராத மஞ்சள் கொடி

இந்த ஆய்வின் முள் இதுதான். சாலையில் எண்ணெய் இருந்தால் மஞ்சள் கொடி காட்டி, வேகத்தைக் குறைத்து, சுத்தம் செய்யவேண்டும். அன்று கொடி வரவில்லை. அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தகடு ஒட்டிய எஸ்ஸஸில் எண்ணெயோடு முழுவேகம் என்பது உயிரோடு விளையாட்டு.

ஆனால் கொடி வந்திருந்தால் புஷ் வென்றிருப்பார் என்ற வழக்கமான வாதம் பாதிதான் சரி. அந்த ஆண்டின் விதிப்படி, வெள்ளைக் கொடிக்கு முன்பே மஞ்சள் வந்திருந்தால் பந்தயம் கூடுதல் சுற்றுக்குப் போயிருக்கும். சுத்தம் செய்து, எல்லாரையும் இரண்டிரண்டாக அடுக்கி, பச்சைக் கொடி காட்டி, இரண்டு சுற்றில் முடிவு. அதாவது முந்தைய ஆண்டு புஷ் கோட்டைவிட்ட அதே காட்சி, பக்கத்திலும் பின்னாலும் அதே ஆட்கள். வெள்ளைக் கொடிக்குப் பிறகு, அவர் சுழல்வதற்கு முன்னால் மஞ்சள் வந்திருந்தால் மட்டும் அந்த நொடியின் வரிசை அப்படியே உறைந்து வெற்றி அவருக்கு. அந்த இடைவெளி சில விநாடிதான். பந்தயத்தைக் கட்டுப்படுத்தும் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர் அதற்குள் எண்ணெய் என்று உறுதிசெய்து கொடியைச் சொல்லியிருக்க முடியுமா? ஒன்றிரண்டு சுற்றுக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும் என்பதுதான் நியாயமான குற்றச்சாட்டு. அப்படிச் சொல்லியிருந்தால் புஷ்ஷுக்கு வெற்றி நிச்சயமில்லை, நமக்கு இந்தச் சுற்று நிச்சயமாக இல்லை.

அதனால்தான் இந்த நினைவில் ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் காட்சி, அதிகாரிகள் தம் வேலையைச் செய்திருந்தால் நடந்தே இருக்காது. நானும் அதைக் கொண்டாடுகிறவன்தான்.

பிறகு

புஷ்ஷுக்கு இழப்பு ஒரு கோப்பையோடு முடியவில்லை. அப்போது சாம்பியன் பட்டத்துக்கான கடைசிப் பத்துப் பந்தயங்களுக்குப் பன்னிரண்டு பேர்தான் தகுதி. புள்ளிவரிசையில் முதல் பத்துப் பேர், மிச்ச இரண்டு இடம் அவர்களுக்கு அடுத்து இருப்பவர்களில் அதிக வெற்றி உள்ளவர்களுக்கு. புஷ்ஷிடம் அந்த ஆண்டு ஒரு வெற்றி இருந்தது. இங்கே இரண்டாவது கிடைத்திருந்தால் இடம் உறுதி. செப்டம்பரில் ரிச்மண்டில் கணக்கு முடிந்தபோது கடைசி இடம் கார்டனுக்குப் போனது. புஷ் அவரைவிட மூன்று புள்ளி குறைவு. முதலிடத்துக்கும் ஏழாமிடத்துக்கும் வித்தியாசமே ஒன்பது புள்ளி. அந்த ஒரே சுற்றில் சுழன்ற இருவர், ஒரு மாதம் கழித்து ஒரே நாற்காலிக்கு நின்றார்கள்.

கெஸலௌஸ்கிக்கு நேர்மாறு. வாட்கின்ஸ் கிளெனில் இரண்டாமவர், நவம்பரில் சாம்பியன். ரோஜர் பென்ஸ்கியின் குழுவுக்கு அதுதான் முதல் கப் பட்டம். அவர் ஓட்டிய டாட்ஜ் கம்பெனியோ, இந்தப் பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் ஆண்டு முடிவில் நாஸ்காரை விட்டு விலகுவதாக அறிவித்திருந்தது. பட்டத்தோடு கிளம்பியது.

ஆம்ப்ரோஸ் அதற்கப்புறம் கப் பந்தயம் எதையும் வெல்லவில்லை. 2014 முடிவில் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிவிட்டார். மொத்தம் இரண்டே வெற்றி, இரண்டும் இதே தடத்தில். புள்ளிவிவரப் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பிடிக்கவேண்டும். ரசிகர்களிடம் கேட்டால் தேடவேண்டாம்.

ரசிகர்களின் கணக்கு வேறு என்பதற்கு நம்மூர் சாட்சியும் ஒன்று உண்டு. 2010இல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்தில் 13ஆவது. அப்புறம் இன்னும் சில பந்தயங்கள், வெற்றி எதுவுமில்லை. ஆண்டு முடிவில் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது, ரசிகர் வாக்கில், அவருக்கே. வாக்களித்த விரல்களில் எத்தனை காவிரிக்கரையைச் சேர்ந்தவை என்று நான் விசாரிக்கப்போவதில்லை.

அந்தச் சுற்றின் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் இப்போது ஆம்ப்ரோஸைத் தேடுவதில்லை. எஸ்ஸஸ் மேட்டில் 18 சுழன்றதும் கேமரா அதை விட்டுவிட்டு 2ஐயும் 9ஐயும் துரத்திக்கொண்டு ஓடிவிடுகிறது. புஷ் எப்படி அந்தக் காரைத் திருப்பினார், எத்தனை பேர் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார், எந்த இடைவெளியில் மறுபடி சாலையில் ஏறினார் என்பது சட்டகத்துக்கு வெளியே நடந்தது. அதைப் பார்த்தவர்கள் அந்த மேட்டோரம் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்தான். வெற்றியாளரை அவர்கள் அன்று பார்க்கவே இல்லை.